ஒலிம்பிக் மாரத்தான் வீரர் பூகெரா எல் வாஃபி

கெடாத் தோட்டங்களில் ஓட்டக்காரர்களுக்குக் குறைவு இருந்ததில்லை. கூலிம், பீடோங், சுங்கைப் பட்டாணிப் பக்கத்து விளையாட்டு விழாக்களில் செம்மண் சாலையில் வெறுங்காலோடு ஓடி, ஒரு கோப்பையையோ துண்டையோ வாங்கிக்கொண்டு, மறுநாள் விடியுமுன் பெரட்டுக்களத்தில் நின்றவர்கள் எத்தனையோ பேர். இந்தப் பொன்விழா மலருக்காக அவர்களைத் தேடியபோது நமக்குக் கிடைத்தவை சில மங்கிய படங்கள் மட்டுமே. பெயர் சொல்லவும் ஆளில்லை. அப்போதுதான் எல் வாஃபியின் கதை நம் நினைவுக்கு வந்தது. உலகத்தையே வென்றவர் ஒருவரும் இப்படித்தான் மறக்கப்பட்டிருக்கிறார்.

1898-ஆம் ஆண்டு, அல்ஜீரியாவில், சஹாராப் பாலைவனத்தின் ஓரத்திலுள்ள பிஸ்க்ரா நகரை அடுத்த உலத் ஜெல்லால் என்னும் ஊரில் அவர் பிறந்தார். நம் மூத்தோர் ஆங்கிலேயர் ஆட்சியைக் கண்டதுபோல், அவர் பிரெஞ்சுக்காரர் ஆட்சியில் வளர்ந்தார். பிரெஞ்சு இராணுவத்தில் சேர்ந்தபின்தான் அவரது ஓட்டத்திறன் வெளிப்பட்டது. 1924 பாரிஸ் ஒலிம்பிக் மாரத்தானில் 7-ஆவதாக வந்தார். படையிலிருந்து விலகிய பிறகு, பாரிஸை ஒட்டிய பில்லான்கூரில் ரெனோ மோட்டார் தொழிற்சாலையில் தொழிலாளியானார். வேலை முடிந்த நேரத்தில்தான் பயிற்சி.

1928 ஆகஸ்டு 5. ஆம்ஸ்டர்டாம் ஒலிம்பிக். இதே ஒலிம்பிக்கில்தான் இந்திய ஹாக்கிக் குழு முதல் தங்கத்தை வென்றது. அதை அறிந்த நம்மவரில் பலர் இந்த மாரத்தானை அறியமாட்டார்கள். பின்லாந்து, அமெரிக்கா, ஜப்பான் வீரர்கள்மேல்தான் எல்லோருடைய கண்ணும் இருந்தது. சிறிய உருவம் கொண்ட எல் வாஃபி அவசரப்படாமல் பின்னாலேயே ஓடிவந்தார். அமெரிக்காவின் ஜோயி ரேயும் ஜப்பானின் யமாடாவும் முன்னணியில் இருந்தார்கள். கடைசிச் சில கிலோமீட்டரில் அவர்கள் தளர, இவர் முந்தினார். 42.195 கிலோமீட்டரை 2 மணி 32 நிமிடம் 57 விநாடியில் முடித்தார். சிலி நாட்டு மனுவேல் பிளாசா 26 விநாடி கழித்து வந்து சேர்ந்தார். அந்த ஒலிம்பிக்கின் ஓட்டப் பந்தயங்களில் பிரான்சுக்குக் கிடைத்த ஒரே தங்கம் இது. அதை வாங்கித் தந்தவரோ பிரான்சால் ஆளப்பட்ட நாட்டின் பிள்ளை.

வெற்றிக்குப் பின் அமெரிக்காவுக்கு அழைத்தார்கள். பணத்துக்கு ஓடினார். காசு வாங்கி ஓடியவர் மறுபடி ஒலிம்பிக்கில் ஓடக் கூடாது என்பது அக்கால விதி. புகழ்பெற்ற பாவோ நூர்மியையே 1932-ல் அந்த விதி தடுத்து நிறுத்தியது. வசதியுள்ளவர்கள் வகுத்த விதி அது என்றுதான் நமக்குத் தோன்றுகிறது. தொழிற்சாலைக் கூலியில் வாழ்பவர் நீட்டிய பணத்தை எப்படி மறுப்பார்? அத்தோடு அவருடைய ஓட்ட வாழ்க்கை முடிந்தது.

கையிலிருந்த பணத்தைப் பாரிஸில் ஒரு காப்பிக் கடையில் போட்டார். பங்காளி ஏமாற்றினார். கூட்டுக் கடையில் கணக்குப் புத்தகம் யார் கையில் இருக்க வேண்டும் என்பதை நம் வியாபாரிகளுக்கு நாம் சொல்ல வேண்டியதில்லை. அவருக்குச் சொல்லத்தான் ஆளில்லாமல் போயிற்று. பிறகு வறுமை.

28 ஆண்டுகள் கழிந்தன. 1956-ல் மெல்பர்ன் ஒலிம்பிக் மாரத்தானில் பிரான்சுக்காக ஓடி வென்றவர் அலேன் மிமூன். அவரும் அல்ஜீரியாவில் பிறந்தவர். அந்த வெற்றியால்தான் பழைய வீரரின் நினைவு மற்றவர்களுக்கு வந்தது. மிமூன் அவரை அதிபர் ரெனே கோட்டியின் மாளிகைக்குத் தம்முடன் அழைத்துச் சென்றார். ஒரு விளையாட்டரங்கில் சிறு வேலையும் கிடைத்தது. ஒலிம்பிக் தங்கம் வென்றவருக்கு அந்த வயதில் கிடைத்தது அவ்வளவுதான். ஆனாலும் தேடிப்போன மிமூனை நாம் பாராட்டியே ஆகவேண்டும்.

1959 அக்டோபர் 18 அன்று, அல்ஜீரிய விடுதலைப் போர் நடந்துகொண்டிருந்த வேளையில், பாரிஸை அடுத்த சேன் தெனியில் எல் வாஃபி சுட்டுக் கொல்லப்பட்டார். தம் நாடு 1962-ல் விடுதலை அடைந்ததை அவர் காணவில்லை. பொபினியிலுள்ள முஸ்லிம் மையவாடியில் அடக்கம் செய்யப்பட்டார்.

நம் தோட்டத்து ஓட்டக்காரர்களின் படமோ, கோப்பையோ, சான்றிதழோ வீட்டில் வைத்திருப்போர் சங்கத்துக்குத் தெரிவிக்குமாறு கேட்டுக்கொள்கிறோம். பெயர் மட்டும் நினைவிருந்தாலும் போதும், எழுதி வைத்துக்கொள்கிறோம்.