உடம்பு வளையலன்னா யோகா வராதா? 100 வயது வாழ்ந்த கிருஷ்ணமாச்சாரியார் வாழ்க்கை சொல்லும் பதில்

கள்ளக்குறிச்சி டவுனா இருந்தாலும் சரி, கல்வராயன் மலை மேல இருக்கிற வெள்ளிமலையா இருந்தாலும் சரி, யோகா ஆரம்பிக்கலாம்னு நினைக்கிறவங்க முதல்ல செய்றது போனில் வீடியோ தேடுறதுதான். திரையில் ஒருவர் தலைகீழாக நிற்பார், இன்னொருவர் காலைத் தூக்கிக் கழுத்துக்குப் பின்னால் போடுவார். இது நமக்குச் சரிப்படாது என்று பலர் அங்கேயே விட்டுவிடுகிறார்கள்.

ஆனால், இன்று உலகம் முழுக்கப் பரவியிருக்கும் யோகாவின் முக்கிய ஆசான்களில் ஒருவர், தன் வாழ்க்கையின் பிற்பாதியில் சொல்லிக் கொடுத்ததே வேறு. உடம்பை ஆசனத்துக்காக வளைக்க வேண்டாம், ஆசனத்தை உடம்புக்கு ஏற்ப மாற்றலாம் என்பதுதான் அது. அவர் பெயர் திருமலை கிருஷ்ணமாச்சாரியார்.

யார் இவர்?

1888 நவம்பர் 18-ம் தேதி, இன்றைய கர்நாடகாவின் சித்ரதுர்கா மாவட்டத்தில் உள்ள முச்சுகுந்தபுரம் கிராமத்தில் பிறந்தவர். வைணவக் குடும்பம். சிறு வயதிலேயே தந்தையை இழந்தார். மைசூரு, காசி என்று ஊர் ஊராகப் போய் சமஸ்கிருதம், தத்துவம், ஆயுர்வேதம் படித்தார். இமயமலைப் பகுதியில் ராமமோகன பிரம்மச்சாரி என்ற குருவிடம் ஏழு ஆண்டுகளுக்கு மேல் யோகா கற்றதாக அவரே சொல்லியிருக்கிறார்.

இவ்வளவு படித்தும் ஊர் திரும்பியபோது யோகாவை நம்பிப் பிழைக்க வழி இல்லை. குடும்பத்துக்காகக் காபி தோட்டத்தில் மேற்பார்வை வேலை பார்த்தார். அந்தக் காலத்தில் யோகா என்றால் சாமியார்கள் சமாச்சாரம் என்றுதான் மக்கள் நினைத்தார்கள்.

மைசூரு அரண்மனை நாட்கள்

மைசூரு மகாராஜா நால்வடி கிருஷ்ணராஜ உடையாரின் ஆதரவு கிடைத்த பிறகு நிலைமை மாறியது. 1933-ல் ஜகன்மோகன் அரண்மனையில் யோகசாலை தொடங்கப்பட்டது. மாணவர்கள் பெரும்பாலும் சிறுவர்கள், இளைஞர்கள். வேகமான, கடினமான பயிற்சி. ஊர் ஊராகச் செய்முறை விளக்கங்களும் நடந்தன. ஆசிரியரும் கண்டிப்புக்குப் பேர் போனவர்.

அங்கே படித்தவர்களில் ஒருவர் பட்டாபி ஜோயிஸ். அவர் கற்பித்த முறைதான் இன்றைய அஷ்டாங்க யோகா. இன்னொருவர் கிருஷ்ணமாச்சாரியாரின் மைத்துனர் பி.கே.எஸ். ஐயங்கார். மலேரியா, டைபாய்டு, காசநோய் என்று சிறு வயதிலேயே நோய்களால் நொந்துபோன பையனாக 1934-ல் மைசூரு வந்தார். தயாராகாத உடம்போடு கடினமான ஆசனங்களைச் செய்ய நேர்ந்ததையும், அதனால் காயம் பட்டதையும் ஐயங்கார் பின்னாளில் பதிவு செய்திருக்கிறார். 

1930-களின் பிற்பகுதியில் லாட்வியாவில் பிறந்த இந்திரா தேவி வந்து சேர்ந்தார். வெளிநாட்டவர், அதிலும் பெண் என்று முதலில் மறுத்த கிருஷ்ணமாச்சாரியார், மகாராஜா சொன்ன பிறகு ஏற்றுக்கொண்டார். அந்த மாணவி பின்னர் ஹாலிவுட்டில் யோகா பள்ளி தொடங்கினார். பெண்களுக்கும் யோகா உரிமை உண்டு, அது அவர்களுக்கு அவசியமும்கூட என்று பின்னாளில் உறுதியாக வாதாடியவரும் இதே கிருஷ்ணமாச்சாரியார்தான்.

சென்னையில் என்ன மாறியது?

1940-ல் மகாராஜா மறைந்தார். சுதந்திரத்துக்குப் பிறகு அரண்மனை ஆதரவும் போய், யோகசாலை மூடப்பட்டது. 60 வயதைத் தாண்டிய நிலையில் வாழ்க்கையை மறுபடி தொடங்க வேண்டிய கட்டாயம். பக்கவாதத்தால் பாதிக்கப்பட்ட ஒரு பிரபல வழக்கறிஞருக்கு உதவ 1950-களின் தொடக்கத்தில் சென்னை வந்தவர், இங்கேயே தங்கிவிட்டார்.

சென்னையில் அவரிடம் வந்தவர்கள் துள்ளிக் குதிக்கும் சிறுவர்கள் இல்லை. முதுகுவலிக்காரர்கள், ஆஸ்துமா உள்ளவர்கள், தூக்கம் வராதவர்கள், வயதானவர்கள். ஒவ்வொருவரையும் தனித்தனியாகப் பார்த்தார். வயது, வேலை, நோய், நேரம் எல்லாம் கேட்டு, ஆளுக்கு ஒரு பயிற்சி கொடுத்தார்.

1960-களின் தொடக்கத்தில் நடந்த ஒரு சம்பவத்தை அவரது மகன் தேசிகாச்சார் சொல்லியிருக்கிறார். நியூசிலாந்துப் பெண் ஒருவர், பல ஆண்டுகளுக்குப் பிறகு மாத்திரை இல்லாமல் தூங்கினேன் என்ற சந்தோஷத்தில் நடுத்தெருவில் தன் அப்பாவைக் கட்டிப்பிடித்ததைப் பார்த்து, இன்ஜினியரிங் முடித்திருந்த தேசிகாச்சார் அசந்து போனார். வேலையை விட்டுவிட்டு அப்பாவிடமே மாணவராகச் சேர்ந்தார். 1976-ல் சென்னையில் கிருஷ்ணமாச்சாரியா யோக மந்திரத்தைத் தொடங்கியவர் அவர்தான்.

வயதுக்கு ஏற்ற யோகா

கிருஷ்ணமாச்சாரியார் சொன்ன கணக்கு எளிமையானது. சிறு வயதில் உடம்பு வளர, சுறுசுறுப்பான ஆசனங்கள். நடு வயதில் ஆரோக்கியத்தைக் காப்பாற்ற, அளவான ஆசனமும் மூச்சுப் பயிற்சியும். முதுமையில் மூச்சு, தியானம், பிரார்த்தனை.

இதை நம்ம ஊருக்குப் பொருத்திப் பாருங்கள். பள்ளிக்கூடப் பையனுக்கு ஒன்று. நாள் முழுக்கக் குனிந்து கரும்பு வெட்டுபவருக்கு இன்னொன்று. மலையில் சுமை தூக்கி நடந்து முழங்கால் தேய்ந்த பாட்டிக்கு வேறொன்று. மூன்று பேருக்கும் ஒரே வீடியோ எப்படிச் சரியா வரும்?

புதுசா தொடங்குறவங்க என்ன செய்யலாம்?

அவர் வழியில் மூச்சுதான் முதல், அசைவு அதன் பின்னால் வரும். நேராக நின்று, மூச்சை இழுத்துக்கொண்டே இரண்டு கைகளையும் மெதுவாக மேலே தூக்கி, விட்டுக்கொண்டே கீழே இறக்குவது ஒரு நல்ல தொடக்கம். நாலைந்து முறை போதும். நிற்க முடியாதவர்கள் நாற்காலியில் உட்கார்ந்தும் செய்யலாம். மூச்சு வாங்கினாலோ வலித்தாலோ அங்கேயே நிறுத்திவிடணும். முடித்ததும் படுத்து ஓய்வெடுக்கணும்.

சாப்பிட்டவுடன் செய்யக் கூடாது. வாரத்துக்கு ஒருநாள் ஒரு மணி நேரம் செய்வதைவிட, தினமும் 10, 15 நிமிடம் செய்வதே புதியவர்களுக்குச் சுலபம். தொடர்ந்து செய்தால் நாள்பட்ட இடுப்புவலி, மன அழுத்தம் குறையவும், உடல் சமநிலை மேம்படவும் யோகா உதவுவதாக ஆய்வுகள் காட்டுகின்றன. அதற்காகச் சுகர், பிரஷர் மாத்திரையை நிறுத்திவிடக் கூடாது. இதய நோய், டிஸ்க் பிரச்சினை உள்ளவர்களும் கர்ப்பிணிகளும் டாக்டரைக் கேட்டுவிட்டு, நேரில் ஒரு ஆசிரியரிடம் கற்பதே பாதுகாப்பு.

96 வயதில் ஒரு பரீட்சை

சொல்லிக் கொடுத்ததைத் தனக்கே செய்து பார்க்கும் நாளும் வந்தது. 96 வயதில் கீழே விழுந்து அவரது இடுப்பு எலும்பு முறிந்தது. அறுவை சிகிச்சை வேண்டாம் என்று சொல்லிவிட்டு, படுக்கையிலேயே செய்யக்கூடிய பயிற்சிகளைத் தனக்காக அமைத்துக்கொண்டார். அது அவர் தனக்கு எடுத்த முடிவு, மற்றவர்களுக்கான மருத்துவ ஆலோசனை இல்லை. 1989 பிப்ரவரி 28-ல், 100 வயதைக் கடந்த நிலையில் சென்னையில் காலமானார்.

அரண்மனையில் சிறுவர்களைத் தாவ வைத்த அதே மனிதர், கடைசியில் படுத்த படுக்கையாகக் கையையும் காலையும் மூச்சோடு சேர்த்து அசைத்துக்கொண்டிருந்தார். அவரைப் பொறுத்தவரை இரண்டுமே யோகாதான். அதனால, வெள்ளிமலையிலோ கள்ளக்குறிச்சியிலோ நாளைக்குக் காலையில் தொடங்க நினைப்பவர், கால் விரலைத் தொட முடியலையே என்று கவலைப்பட வேண்டாம். மூச்சு சீராகப் போகுதான்னு பார்த்தால் போதும்.