ஒலியில் தொடங்கிய வாழ்க்கை: ஏவி. மெய்யப்பன்

எங்கள் வீடு ரெங்கத்தில், ஜொகூர் பாருவுக்குப் போகும் ரயில் பாதைக்குப் பக்கத்தில் இருக்கிறது. மேலே தகரக் கூரை. சென்ற ஆண்டு விடுமுறையில் பகுதிநேர வேலை செய்து சேர்த்த 1,200 வெள்ளியைக் கொண்டு என் அறையிலேயே ஒரு சிறிய ஒலிப்பதிவுக் கூடம் அமைக்க முனைந்தேன். அம்மாச்சிக்குத் தெரிந்த தோட்டத்துத் தாலாட்டுகளை அவர் குரல் நன்றாக இருக்கும்போதே பதிவு செய்துவிட வேண்டும் என்பது என் எண்ணம். கடைக்காரர் காட்டியதிலேயே விலை கூடிய கண்டென்சர் மைக்கை வாங்கினேன். பணத்தில் பெரும்பகுதி அதற்கே போய்விட்டது. பதிவைப் போட்டுக் கேட்டால், அம்மாச்சியின் குரலோடு ரயில் ஓடியது, மின்விசிறி சுற்றியது, பக்கத்து வீட்டுச் சேவல் கூவியது.

அந்த ஏமாற்றத்தில் இருந்தபோதுதான் ஏவி. மெய்யப்பச் செட்டியாரின் வாழ்க்கையைப் படிக்க நேர்ந்தது. ஏவி.எம். என்றால் நமக்கு வடபழனி ஸ்டூடியோவும் அதன் வாசலில் சுழலும் உலக உருண்டையும் நினைவுக்கு வரும். ஆனால், படத்தைத் தொடுவதற்கு முன்பே அவர் ஒலியை விற்றவர் என்பது நம் தலைமுறையில் பலருக்குத் தெரியாது.

மெய்யப்பன் 1907ஆம் ஆண்டு ஜூலை 28ஆம் நாள் காரைக்குடியில் நகரத்தார் குடும்பத்தில் பிறந்தார். தந்தை ஆவிச்சி செட்டியார் அங்கே ஏவி அண்ட் சன்ஸ் என்ற கடையை நடத்தி வந்தார். அங்கே கிராமபோன் இசைத்தட்டுகளும் விற்பனைக்கு இருந்தன. இளம் வயதிலேயே கடையில் உட்கார்ந்த மெய்யப்பனுக்கு அதுவே பள்ளிக்கூடம் ஆனது. எந்தப் பாட்டைக் கேட்டு மக்கள் நிற்கிறார்கள், எதைப் பாதியில் எடுக்கச் சொல்கிறார்கள் என்பது கல்லாவில் இருப்பவனுக்குத் தெரியாமல் போகாது. அவருடைய முதல் கருவி அந்தக் காதுதான் என்று நான் நினைக்கிறேன். அதை எந்தக் கடையிலும் வாங்க முடியாது.

பிறர் செய்த தட்டுகளை விற்பதைவிட நாமே தட்டுகளைத் தயாரித்தால் என்ன என்ற எண்ணம் அவருக்கு வந்தது. சென்னைக்குச் சென்று கே.எஸ். நாராயண ஐயங்கார், சுப்பையா செட்டியார் முதலிய நண்பர்களோடு சேர்ந்து சரஸ்வதி ஸ்டோர்ஸைத் தொடங்கினார். ஜெர்மனியின் ஓடியன் நிறுவனத்தோடு இணைந்து பாடல்களும் சிறு நாடகங்களும் அடங்கிய தட்டுகளை வெளியிட்டார்கள்.

அக்காலத்தில் ஒலிப்பதிவு எப்படி நடந்தது என்பதை இங்கே சொல்லியாக வேண்டும். 1925 வாக்கில்தான் மின்சார ஒலிவாங்கி வழக்கத்துக்கு வந்தது. அதற்கு முன்பு பாடகர் ஒரு பெரிய புனலுக்குள் உரக்கப் பாட வேண்டும். மின்சார ஒலிவாங்கி வந்த பிறகும் பதிவு மெழுகுத் தட்டில்தான் நடந்தது. நிமிடத்திற்கு 78 முறை சுற்றும் தட்டில் ஒரு பக்கத்திற்கு மூன்று நிமிடத்திற்குச் சற்று அதிகமாகவே இடம் உண்டு. இடையில் சுருதி விலகினாலும், மிருதங்கக்காரர் இருமினாலும் அந்த மெழுகு வீண். முதலிலிருந்து மறுபடியும் பாட வேண்டும். வெட்டுவதும் இல்லை, ஒட்டுவதும் இல்லை. மடிக்கணினியில் ஒரே வரியை நாற்பது முறை பாடித் திருத்தும் நமக்கு இது விளங்குவது கடினம்.

இதில் என்னைக் கவர்ந்தது, மெய்யப்பன் வேலையைப் பிரித்துக்கொண்ட விதம். மெழுகில் பதிக்கும் இயந்திரமும் தட்டு அச்சிடும் ஆலையும் பெரிய நிறுவனங்களின் துறை. யார் பாடுவது, எதைப் பாடுவது, எதை மக்கள் காசு கொடுத்து வாங்குவார்கள் என்பது இவருடைய துறை. கையில் உள்ள முதலை இரும்பில் போட்டு முடக்காமல் குரலில் போட்டார். நானோ தலைகீழாகச் செய்திருந்தேன்.

1931இல் தமிழின் முதல் பேசும் படமான காளிதாஸ் வெளிவந்தது. மெய்யப்பனும் சரஸ்வதி சவுண்ட் புரொடக்‌ஷன்ஸ் என்ற பெயரில் படத்தொழிலில் இறங்கினார். 1935இல் வந்த அல்லி அர்ஜுனா, ரத்னாவளி இரண்டுமே தோல்வி. தட்டில் சம்பாதித்ததைப் படத்தில் இழந்த நிலை. பிறகு பெங்களூரில் திரையரங்கு வைத்திருந்த ஜயந்திலால் என்பவருடன் சேர்ந்து பிரகதி பிக்சர்ஸைத் தொடங்கினார்.

அப்போது நடிகர்களே படப்பிடிப்புத் தளத்தில் பாட வேண்டும். ஒலிவாங்கியை மரக்கிளையிலோ பூந்தொட்டியிலோ மறைத்து வைப்பார்கள். பக்கவாத்தியக்காரர்கள் படக்கருவியின் கண்ணில் படாமல் ஒளிந்துகொண்டு வாசிப்பார்கள். சூரிய ஒளிக்காகத் திறந்த வெளியில் படமெடுத்ததால் காகங்களின் சத்தமும் பதிவாகிவிடும். அவற்றை விரட்டுவதற்கென்றே சென்னையில் ஆள் வைத்திருந்தார்கள்! (என் சேவலை நினைத்து இங்கே கொஞ்சம் ஆறுதல் அடைந்தேன்.) 1934இல் சென்னையில் எழுந்த முதல் பேசும்பட ஸ்டூடியோவான சீனிவாசா சினிடோனில் ஒலிப்பதிவைக் கவனித்தவர், உரிமையாளர் ஏ. நாராயணனின் மனைவி மீனா நாராயணன். இந்தியத் திரையுலகின் முதல் பெண் ஒலிப்பதிவாளர் அவர். நம் பொறியியல் துறைத் தோழிகள் அறிய வேண்டிய பெயர்.

1938இல் பிரகதியின் நந்தகுமார் வந்தது. சிறுவன் டி.ஆர். மகாலிங்கம் கண்ணனாக அறிமுகமான படம். அதில் தேவகியாக நடித்தவரின் பாட்டு மெய்யப்பனுக்கு நிறைவளிக்கவில்லை. லலிதா வெங்கட்ராமன் என்ற பாடகியைப் பாட வைத்து அக்குரலை நடிகையின் வாயசைப்போடு சேர்த்தார். தமிழ்ப் படத்தில் பின்னணிப் பாடல் அங்கே தொடங்கியது. 1944இல் கன்னட ஹரிச்சந்திராவைத் தமிழ்க் குரல்களோடு வெளியிட்டார். தமிழில் முதல் மொழிமாற்றுப் படம் அது. 1945இல் ஸ்ரீவள்ளி. படம் எடுத்து முடித்த பிறகும் நாயகி ருக்மிணியின் பாடல்கள் அவர் காதுக்கு ஒட்டவில்லை. பி.ஏ. பெரியநாயகியை அழைத்து, ஏற்கெனவே எடுத்த படத்தின் உதட்டசைவுக்கு ஏற்பப் பாட வைத்து மாற்றினார். படம் பெரும் வெற்றி கண்டது. ருக்மிணிக்கு அது எப்படி இருந்திருக்கும் என்றும் யோசிக்கத் தோன்றுகிறது. ஆனாலும், கேட்பவனுக்குக் குறையாகப் படுவதை விடவே கூடாது என்ற பிடிவாதம் அவருக்குக் கல்லாவிலேயே வந்துவிட்டது.

1945 அக்டோபர் 14ஆம் நாள் தம் பெயரிலேயே ஏவி.எம். நிறுவனத்தைத் தொடங்கினார். சென்னையில் ஸ்டூடியோ கட்ட ஆசை. போர்க்காலத் தட்டுப்பாட்டில் மின்சார இணைப்புக் கிடைக்கவில்லை. ஆகவே சொந்த ஊர்ப் பக்கமே திரும்பி, காரைக்குடியை அடுத்த தேவகோட்டை ரஸ்தாவில் இடம் பிடித்தார். ரஸ்தா என்பது ரயில் நிலையத்தை ஒட்டி வளர்ந்த ஊர். ஆக, அவருக்கும் பக்கத்தில் ரயில்தான்! தலைநகரின் வசதிகள் ஏதுமற்ற அந்த இடத்தில் நாம் இருவர் உருவாகி 1947 ஜனவரியில் வெளியானது. ஆர். சுதர்சனம் இசையில் டி.கே. பட்டம்மாள் பாட, குமாரி கமலா ஆட, பாரதியாரின் பாடல்கள் விடுதலைக்கு முந்தைய அந்த மாதங்களில் பட்டிதொட்டியெங்கும் ஒலித்தன. பாரதி பாடல்களை இசைத்தட்டிலும் படத்திலும் பயன்படுத்தும் உரிமையை அவர் விலை கொடுத்து வாங்கி வைத்திருந்தார். பிறகு அரசாங்கம் கேட்டபோது, பணம் பெறாமலே அதை விட்டுக் கொடுத்தார். 1949இல் பாரதி படைப்புகள் பொதுவுடைமை ஆவதற்கு அதுவும் வழிவிட்டது. நம் தமிழ்ப்பள்ளி மேடைகளில் பாரதி பாடல்களை யாரிடமும் அனுமதி கேட்காமல் பாடுகிறோமே, அதன் பின்னே இவ்வளவு கதை இருக்கிறது.

1948இல் ஸ்டூடியோ வடபழனிக்கு மாறியது. வாழ்க்கை, பராசக்தி என்று அதன் பிறகு வந்தவற்றை நம் பெற்றோரே மனப்பாடமாகச் சொல்வார்கள். ஒன்றை மட்டும் குறிப்பிட வேண்டும். 1954இல், வீணைக் கலைஞர் எஸ். பாலசந்தர் இயக்கத்தில், பாடலே இல்லாத அந்த நாள் படத்தைத் தயாரித்ததும் இதே இசைத்தட்டு வியாபாரிதான். கதைக்குப் பாட்டு வேண்டாம் என்றால் வேண்டாம். 1979 ஆகஸ்ட் 12ஆம் நாள் மெய்யப்பன் மறைந்தார்.

நான் அந்தக் கண்டென்சர் மைக்கை நண்பரிடம் குறைந்த விலைக்கு விற்றுவிட்டேன். அது சுற்றியுள்ள எல்லாவற்றையும் இழுத்துக்கொள்ளும் வகை; ஓசையடக்கிய அறைக்குத்தான் பொருந்தும். அதற்குப் பதிலாக, வாய்க்கு அருகில் பிடித்துப் பாடும் சாதாரண டைனமிக் மைக் ஒன்று, அதைக் கணினியோடு இணைக்க ஒரு சிறிய ஆடியோ இண்டர்பேஸ், காதை முழுதும் மூடும் ஹெட்போன் ஒன்று வாங்கினேன். சுவரில் தொங்கவிட்டது அம்மாவின் பழைய கம்பளிகள். ரயில் நேரத்தைக் குறித்துக்கொண்டு, இடைப்பட்ட வேளையில் மின்விசிறியை அணைத்துவிட்டு, அம்மாச்சி வழக்கமாக உட்காரும் பிரம்பு நாற்காலியையே அறைக்குள் கொண்டுவந்து போட்டேன். இதுவரை நான்கு தாலாட்டுகள் பதிவாகியுள்ளன. ஐந்தாவதின் நடுவரி அவருக்கு மறந்துவிட்டது. லாயாங் லாயாங்கில் இருக்கும் அவர் தங்கைக்குத் தெரியுமாம். அடுத்த விடுமுறையில் அவரையும் அழைத்து வருவதாக இருக்கிறோம்.