ஹென்றி டேவிட் தோரோ

அமெரிக்காவின் மசச்சூசெற்ஸ் மாநிலத்துக் கொங்கோட் என்னும் சிற்றூரிலே, 1817 ஆம் ஆண்டு யூலை 12 ஆந் திகதி தோரோ பிறந்தார். ஹார்வட் சர்வகலாசாலையிற் கற்று 1837 இல் வெளியேறியதும் ஊர்ப் பாடசாலையில் உபாத்தியாயராக அமர்ந்தார். மாணவரை அடிக்குமாறு மேலிடத்தார் வற்புறுத்தவே, இரண்டு வாரங்களுள் அப்பதவியைத் துறந்தார். பின்னர்த் தமையனார் யோனுடன் நடத்திய தனிப்பள்ளியும் 1841 இல் மூடப்பட்டது. அடுத்த ஆண்டிலே தமையனாரை ஏற்புவலி கொண்டுபோயிற்று.

தந்தையார் பென்சில் செய்து விற்பவர். காரீயத்தை நுண்ணிதாக அரைத்துக் களிமண்ணோடு கலக்கும் முறையை மைந்தர் திருத்தியமைக்க, அப்பென்சில் நாட்டின் சிறந்தவற்றுள் ஒன்றாயிற்று. செல்வராகும் வழி திறந்தே கிடந்தது. அவர் அவ்வழிச் சென்றிலர்.

நம்மிற் பலர் ஓய்வூதியம் பெறும் வயதுவரை ஒத்திவைக்குங் காரியத்தை அவர் இருபத்தெட்டு நிரம்புமுன்னரே தொடங்கினார். நண்பர் எமேசனுக்குரிய காணியில், வோல்டன் குளக்கரையில், பத்தடி அகலமும் பதினைந்தடி நீளமுமான குடிலொன்றைத் தம் கையாலே கட்டி, 1845 யூலை 4 இற் குடிபுகுந்தார். செலவு 28 டொலர் 12½ சதம். அக்காலத்து ஹார்வட் மாணவனொருவன் ஓர் அறைக்கு ஆண்டுதோறும் 30 டொலர் வாடகை கொடுத்தான். இரண்டரை ஏக்கரிற் பெரும்பாலும் அவரை பயிரிட்டுச் செலவு போகப் பெற்ற இலாபம் 8 டொலர் 71½ சதம். உணவிற்கு வாரமொன்றுக்கு ஏறக்குறைய 27 சதமே சென்றது. அரைச் சதத்தையும் விடாது கணக்கெழுதியவரைச் சோம்பரென்று ஊரார் எண்ணியது வேடிக்கையே.

இக்கணக்கின் முடிவுதான் வியப்புக்குரியது. ஆண்டில் ஆறு வாரங்கள் உழைத்தால் எஞ்சிய காலமெல்லாம் தமக்கே உரியதாகும் என அவர் கண்டார். முப்பது மைல் தொலைவிலுள்ள ஊருக்குப் புகைவண்டிக் கட்டணம் 90 சதம். அஃது ஏறத்தாழ ஒரு நாட்கூலி. கூலிக்கு உழைத்து வண்டியேறுபவனிலும் பார்க்க, இன்றே நடக்கத் தொடங்குபவன் முந்திச் சேர்வான் என்பது அவர் வாதம். மிஞ்சிய பொழுதிலே நடந்தார், எழுதினார், பகவத்கீதையை ஆங்கில மொழிபெயர்ப்பிற் பயின்றார்.

காணி நண்பருடையது, தாயார் வீடும் அணித்தே, மனைவி மக்களும் இலர். ஆதலால் அவர் துறவு எளிதாயிற்று என்பாருளர். அது மெய்யே. குடும்பபாரம் தாங்குவோருக்கு ஆறு வாரக் கணக்கு அப்படியே பொருந்தாது. எனினும், தம் தேவைகளை ஒருமுறையேனும் எழுதிக் கூட்டிப் பார்த்தவர் எத்துணைப் பேர்?

அடிமைமுறையையும் மெக்சிக்கோப் போரையும் ஆதரித்த அரசுக்குத் தலைவரி செலுத்த மறுத்து, 1846 இல் ஓரிரவு சிறையிருந்தார். அதுபற்றி 1849 இல் வெளியிட்ட கட்டுரையின் பகுதிகளைக் காந்தியடிகள் 1907 இலே தென்னாபிரிக்காவிற் பதிப்பித்தனர்.

1847 செப்ரெம்பர் 6 இற் குடிலை விட்டு நீங்கினார். முதனூலின் ஆயிரம் பிரதிகளுள் 706 விலைபோகாது 1853 இற் திரும்பி வந்தன. அச்சுக் கடனைத் தீர்க்க நில அளவையும் பென்சிற்றொழிலும் செய்ய நேர்ந்தது. எழுதுவதற்கென மீட்ட காலத்தின் ஒரு பகுதியை எழுத்தே திரும்பப் பறித்துக்கொண்டது. ‘வோல்டன்’ 1854 இல் வெளிவந்தது. 1859 இற் தந்தையார் மறையவே தொழிற்பொறுப்பும் அவர்மீது விழுந்தது. 1862 மே 6 இற் சயரோகத்தால் இறந்தபோது வயது 44. அவருடைய நாட்குறிப்பு 1906 இலே 14 பாகங்களாக அச்சேறியது.