சீழ் படிந்த பேண்டேஜில் கிடைத்த டி.என்.ஏ... யார் இந்த ஃப்ரெட்ரிக் மீஷர்?

கொஞ்சம் எச்சில் போதும், இப்போ டி.என்.ஏ-வைப் பிரித்தெடுத்துவிடலாம். ரெடிமேட் கிட் இருக்கு, ஒரு மணி நேரத்தில் சாம்பிள் ரெடி. மரபணுவைப் படிக்கும் மெஷினுக்குப் போவதற்கு முன்னால் நடக்கிற இந்தப் பிரித்தெடுக்கும் வேலைக்குப் பிள்ளையார் சுழி போட்டவர், சுவிட்சர்லாந்தின் பாசல் நகரில் 1844-ல் பிறந்த ஃப்ரெட்ரிக் மீஷர்.

மருத்துவம் படித்தவர்தான். ஆனா காது சரியாகக் கேட்காது. நோயாளிகளைப் பார்ப்பது கஷ்டம் என்பதால் ஆராய்ச்சிப் பக்கம் திரும்பினார். 1868-ல் ஜெர்மனியின் டூபிங்கன் நகருக்குப் போய், ஹோப்பே-செய்லர் என்ற விஞ்ஞானியிடம் சேர்ந்தார். அவருக்குக் கிடைத்த லேப், கோட்டையின் பழைய சமையல்கட்டு!

மீஷருக்குத் தேவை ரத்த வெள்ளை அணுக்கள். அது ஏராளமாக இருப்பது சீழில். ஆன்டிசெப்டிக் பெரிதாகப் பழக்கத்துக்கு வராத காலம் என்பதால், பக்கத்து ஆஸ்பத்திரியில் சீழ் பிடித்த பேண்டேஜுக்குப் பஞ்சமே இல்லை. அழுகிப்போனதைத் தள்ளிவிட்டு, மற்றதை அலசி செல்களைப் பிரித்தார். சாதாரண உப்புக் கரைசலில் செல்கள் ஊதிப் பிசுபிசுவென்று ஆகிவிட்டன. சோடியம் சல்பேட்தான் கைகொடுத்தது.

அடுத்த தலைவலி புரதம். பன்றி இரைப்பையிலிருந்து பெப்சின் எடுத்து, புரதத்தைச் செரிக்க வைத்தார். மிஞ்சிய உட்கருவைக் காரத்தில் கரைத்து அமிலம் சேர்த்தால், ஏதோ ஒன்று திரிந்து அடியில் இறங்கியது. பெப்சினுக்கு மசியவில்லை. பாஸ்பரஸ் வேறு எக்கச்சக்கம். புரதமே இல்லை என்று 1869-ல் புரிந்தது. நியூக்ளின் என்று பெயர் வைத்தார்.

இன்றைய கிட்டிலும் கதை இதேதான்: செல்லை உடைக்கணும், புரதத்தை நீக்கணும், டி.என்.ஏ-வைத் தனியாக எடுக்கணும். பெப்சின் இடத்தில் புரோட்டினேஸ் கே வந்திருக்கு. பல கிட்களில் டி.என்.ஏ-வைப் பிடித்துக்கொள்ள காந்தத் துகள்கள். அவ்ளோதான்.

ஹோப்பே-செய்லர் லேசில் நம்பவில்லை. தானே செய்து பார்த்த பிறகுதான் அனுமதித்தார்; கட்டுரை வெளிவர 1871 ஆகிவிட்டது.

பாசலுக்குத் திரும்பிய மீஷர், ரைன் நதி சால்மன் மீனின் விந்தணுவில் இன்னும் சுத்தமான நியூக்ளினை எடுத்தார். சூடு பட்டால் சிதைந்துவிடும் என்பதால் குளிர்ந்த அறையிலேயே வேலை. மரபுப் பண்புகளைக் கடத்துவது இதுவாக இருக்குமோ என்று யோசித்தவர், ஒரே பொருளால் அது முடியாது என்று விட்டுவிட்டார். அது டி.என்.ஏ-தான் என்று ஏவரி குழு காட்டியது 1944-ல்.

மீஷர் 1895-லேயே காசநோயால் டாவோஸில் இறந்துவிட்டார். வயது 51. அவர் சால்மனிலிருந்து எடுத்த நியூக்ளின், ஒரு கண்ணாடிக் குழாயில் டூபிங்கனில் இன்னும் இருக்கு.