வீரமாமுனிவரும் பெரியநாயகியும்

தேம்பாவணி பாடிய வீரமாமுனிவரை அறியாத தமிழர் இலர். சதுரகராதி தொகுத்தவர் என்றும், ஏகார ஓகாரங்களுக்குத் தனி வடிவு தந்தவர் என்றும் பள்ளியிலேயே படித்திருக்கிறோம். அவர் தமிழுக்குச் செய்த மற்றொரு தொண்டு ஏட்டில் அடங்காதது. பிச்சாட்டூரில் இரு மொழிகளுக்கிடையே வாழும் நம் சங்கத்து அன்பர்கள் அதனையும் அறிதல் நன்று.

இத்தாலி நாட்டுக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-ஆம் ஆண்டு நவம்பர் 8-ஆம் நாள் பிறந்த அவருக்குக் கான்ஸ்டன்டைன் ஜோசப் பெஸ்கி என்பது இயற்பெயர். 1698-இல் இயேசு சபையிற் சேர்ந்தார். 1710-இல் கோவா வந்து, அடுத்த ஆண்டு தமிழகம் புகுந்தார்.

அவர் பிறந்த கண்டத்துக் கோயில்களில், பலிபீடத்தின் பின்னே பெரும் மரவேலைப்பாடு உயர்ந்து நிற்கும். அதன் மாடங்களில் மரத்திற் செதுக்கிய திருவுருவங்கள் அமையும். மரத்தின்மேல் வெண்சுண்ணமும் பசையும் கலந்து பலமுறை பூசித் தேய்த்து, ஆடைக்குப் பொன்ரேக்கும் முகத்துக்கு மேனி நிறமும் ஏற்றுவர். எழுத்தறியாதவனுக்கு அதுவே வேதநூல். இக்கலையைப் போர்த்துகீசியர் கோவாவுக்கும், ஸ்பானியர் மணிலாவுக்கும் கொணர்ந்தனர். மணிலாவில் சீனத் தச்சர்கள் இதில் பெரும் பெயர் பெற்றனர்.

ஆயினும் அவ்வுருவங்கள் மேல்நாட்டு மாதரின் முகமும் உடையும் கொண்டவை. நம் உழவர் வீட்டுப் பெண் அவற்றின்முன் நின்றால், அயலாள் ஒருத்தியைத்தானே காண்பாள்? மேல்நாட்டு உடையைத் தாமே துறந்து தமிழ்நாட்டுத் துறவியாய் வாழ்ந்த முனிவர்க்கு இது பொருந்தவில்லை போலும்.

விருத்தாசலத்தையடுத்த கோணான்குப்பத்தில் மாதாவுக்குக் கோயில் எழுப்பியபோது, சேலையுடுத்த தமிழ்த்தாயாகவே அவளைக் கற்பித்துப் படம் வரைந்து, மயிலை ஆயர் வழியாக மணிலாவுக்கு அனுப்பிச் சுரூபம் செய்வித்தார் என்று ஊரார் வழிவழியாகக் கூறுவர். கையில் குழந்தையேந்திய அன்னைக்கு அவர் இட்ட பெயர் பெரியநாயகி. விருத்தாசலத்துச் சிவன் கோயிலில் அம்பிகைக்கும் அப்பெயரே வழங்குதல் கவனிக்கத்தக்கது. சுற்றுப்புறத்து மக்கள் நாவில் முன்னரே பழகிய பெயர் அது. இதனைத் தந்திரம் என்பாரும் உளர். மக்களை மதித்த செயல் என்றே யான் கொள்வேன்.

கொள்ளிடக் கரைக்கு அணித்தான ஏலாக்குறிச்சியில் அடைக்கல மாதாவுக்குக் கோயில் கண்டு, அவ்வூரைத் திருக்காவலூர் எனப் பெயரிட்டுக் கலம்பகமும் பாடினார். 3615 பாடல்கள் கொண்ட தேம்பாவணி 1726-இல் நிறைவுற்றது. சூசையப்பரைத் தலைவராக உடைய அக்காப்பியத்தில் யூதேயா நாடும் தமிழகத்து வளத்தோடு விளங்கும். மணிலாத் தச்சரிடம் வேண்டியதையே தம் பாட்டிலும் செய்தார் எனலாம். சதுரகராதி 1732-இல் எழுந்தது. குறளின் முதலிரு பால்களை இலத்தீனில் ஆக்கினார். சந்தா சாகிபிடம் திவானாயிருந்தார் என்னும் கதையை அறிஞர் பலர் ஏற்பதில்லை, அதனை விடுப்போம்.

தரங்கம்பாடியிலிருந்த லுத்தர் சபையாரோடு அவருக்குக் கடும் வாதம் நிகழ்ந்தது. அவர்களை மறுத்து அவர் எழுதிய உரைநடை நூல்களுள் பேதகம் மறுத்தல் ஒன்று. அவ்வாதத்தின் சூடு இன்று ஆறிவிட்டது. அதற்கென எழுந்த தமிழ் உரைநடை மட்டும் நமக்கு எஞ்சியது.

1747-இல் கேரளத்து அம்பழக்காட்டில் முனிவர் மறைந்தார். 1968-இல் இரண்டாம் உலகத் தமிழ் மாநாட்டையொட்டிச் சென்னைக் கடற்கரையில் அவருக்கும் சிலை எழுப்பினர். அதனை நம்மிற் பலர் கண்டிருப்பர். விழுப்புரத்திலிருந்து திருச்சிக்கு ரயிலிற் செல்லும் அன்பர்கள் விருத்தாசலம் சந்திப்பில் இறங்கினால், கோணான்குப்பம் அங்கிருந்து தொலைவில் இல்லை.