உடற்கோட்டையின் காவலரைக் கண்ட மெச்னிகோவ்

புறப்பொருள் இலக்கணம் பயிலும் நம் மாணவர்கள் நொச்சித் திணையை நன்கு அறிவர். பகைவர் முற்றுகையிட்ட மதிலை உள்ளிருந்து காக்கும் மறவர்தம் திறத்தைப் பாடுவது அத்திணை. எண்ணிப் பார்த்தால் மனித உடலும் ஒரு கோட்டையே. தோல் அதன் மதில். அம்மதிலில் ஒரு சிறு முள் தைத்தாலும் போதும். கண்ணுக்குத் தெரியாத நோய்க்கிருமிகள் அத்துளை வழியே உள்ளே புகுகின்றன. புகுந்தும் நாம் பெரும்பாலும் நோயுறுவதில்லை. இரண்டொரு நாள் அவ்விடம் சிவக்கிறது, சுடுகிறது, வீங்குகிறது, வலிக்கிறது, பின்னர் ஆறிவிடுகிறது. உள்ளே நின்று பொருதவர் யார்? இவ்வினாவிற்கு விடை கண்டவர் இலியா மெச்னிகோவ். மருத்துவப் பட்டம் பெறாத விலங்கியல் அறிஞர் அவர். அவர்தம் வாழ்வை இங்குச் சுருங்கக் காண்போம்.

அவருக்கு முன்

நோய்த் தடுப்பின் வரலாறு மிகத் தொன்மையானது. பெரியம்மையும் தட்டம்மையும் வெவ்வேறு நோய்கள் என்று பிரித்துணர்ந்து தனிநூல் எழுதியவர், ஒன்பது, பத்தாம் நூற்றாண்டுகளில் வாழ்ந்த மருத்துவப் பேரறிஞர் அர்-ராஸி. துருக்கி நாட்டு மக்களிடையே அம்மைப் பாலை எடுத்து நலமுள்ளோர் உடலில் ஏற்றும் வழக்கம் இருந்ததைக் கண்ட மேரி மாண்டேகு சீமாட்டி, 1721-இல் இலண்டனில் தம் மகளுக்கு அதனைச் செய்வித்தார். 1796-இல் எட்வர்டு ஜென்னர் மாட்டம்மைப் பாலைக் கொண்டு பெரியம்மையைத் தடுத்தார். அடுத்த நூற்றாண்டில் லூயி பாஸ்டர் வெறிநாய்க்கடிக்குத் தடுப்பூசி கண்டார். தடுப்பு பயன் தருகிறது என்பதை இவர்கள் எல்லாரும் மெய்ப்பித்தனர். ஆனால் உடலுக்குள் நிகழ்வது யாது என்பது மட்டும் மூடிய பெட்டியாகவே இருந்தது.

பிறப்பும் இளமையும்

மெச்னிகோவ் 1845-ஆம் ஆண்டு மே மாதத்தில், அன்றைய உருசியப் பேரரசின் கார்க்கோவ் மாநிலத்தைச் சேர்ந்த ஒரு சிற்றூரில் பிறந்தார். அப்பகுதி இன்று உக்ரைன் நாட்டில் உள்ளது. தந்தையார் படை அதிகாரி. தாயார் எமிலியா கல்வியில் நாட்டமுள்ள யூதக் குடும்பத்தில் தோன்றியவர். சிறுவனாக இருந்தபோதே செடி கொடிகளையும் பூச்சிகளையும் ஆராய்வதில் இலியாவுக்குத் தீராத வேட்கை. கண்டறிந்தவற்றைப் பிறருக்குச் சொல்ல விழைந்த அவர், கேட்பார் இல்லாமையால், உடன்பிறந்தாருக்கும் ஊர்ச் சிறுவருக்கும் தம் கைக்காசைக் கொடுத்து அமரவைத்துச் சொற்பொழிவு ஆற்றுவாராம். ஊதியம் பெற்றுப் பாடம் சொல்லும் நமக்கு இச்செய்தி நகையையும் நாணத்தையும் ஒருங்கே தருகிறது!

கார்க்கோவ் பல்கலைக்கழகத்தில் நான்காண்டுப் படிப்பை இரண்டே ஆண்டுகளில் முடித்து 1864-இல் வெளிவந்தார். செருமனியிலும் இத்தாலியின் நேப்பிள்சு நகரிலும் கடல்வாழ் சிற்றுயிர்களின் கருவளர்ச்சியை ஆராய்ந்தார். 1870-இல், இருபத்தைந்தாம் அகவையில், ஒடெசா பல்கலைக்கழகத்தில் விலங்கியல் பேராசிரியர் ஆனார்.

துயரின் ஆழம்

அறிவில் விரைந்து உயர்ந்தவரின் இல்வாழ்க்கை இருள் சூழ்ந்ததாக அமைந்தது. 1869-இல் அவர் லுத்மிலா என்னும் நங்கையை மணந்தார். மணமகளை எலும்புருக்கி நோய் பற்றியிருந்தது. நடக்கவும் வலுவின்றி நாற்காலியில் வைத்துத் தூக்கிவரப்பட்டே அவர் மண மேடைக்கு வந்தார். அவரைக் காக்க நான்காண்டுகள் மெச்னிகோவ் போராடினார். வெப்பமான காற்று நலம் தரும் என நம்பி அட்லாண்டிக் கடலிலுள்ள மதீரா தீவுக்கு அழைத்துச் சென்றார். 1873-இல் அத்தீவிலேயே லுத்மிலா உயிர் நீத்தார். அப்போது மெச்னிகோவின் கண்பார்வையும் நலிந்திருந்தது. உள்ளம் உடைந்த அவர் தம் உயிரைத் தாமே மாய்த்துக்கொள்ள முயன்றார், ஆயினும் பிழைத்துக்கொண்டார்.

அதன்பின் நிகழ்ந்தது நினைக்கத்தக்கது. ஜெனீவா நகரில் ஓர் இரவு, பாலத்து விளக்கைச் சுற்றிச் சிறு பூச்சிகள் பறப்பதை அவர் கண்டார். சில மணிநேரமே வாழும் ஈசல் போன்ற உயிர்கள் அவை எனக் கருதினார். உடனே அவர் உள்ளத்தில் ஒரு வினா எழுந்தது. இத்துணைக் குறுகிய வாழ்நாள் உடைய உயிர்களிடத்தில் டார்வின் கூறிய இயற்கைத் தேர்வு எவ்வாறு செயற்படும்? அவ்வினாவைத் தொடர்ந்த சிந்தனை அவரை மீண்டும் அறிவியலுக்கும் வாழ்வுக்கும் அழைத்து வந்தது. துயரத்தில் மூழ்கியவரைக் கரையேற்றியது ஓர் ஐயம்! கற்கும் ஆர்வத்திற்கு இத்தகைய ஆற்றலும் உண்டு என்பதை நாம் மறத்தலாகாது.

1875-இல் ஓல்கா என்பாரை மணந்தார். 1880-இல் ஓல்காவுக்குக் கடுமையான குடற்காய்ச்சல் கண்டது, அவர் பிழைத்தார். ஆயினும் 1881 மெச்னிகோவுக்கு மீண்டும் கொடிய ஆண்டாயிற்று. உருசியப் பேரரசர் கொலையுண்டதால் நாடு கலங்கியது. பல்கலைக்கழகத்தில் பூசல் மூண்டது. அவ்வாண்டிலேயே அவருடைய தமையனார் இவான் இறந்தார். இலக்கிய மாணவர்கள் இங்கு ஒன்றை அறிதல் வேண்டும். நீதித்துறை அலுவலரான இந்த இவான் இலியிச் மெச்னிகோவின் மறைவே, தால்சுதாய் 1886-இல் வெளியிட்ட 'இவான் இலியிச்சின் மரணம்' என்னும் புகழ்பெற்ற குறுநாவலுக்குக் கருவாயிற்று. வெறுப்பின் எல்லைக்குச் சென்ற மெச்னிகோவ், மறுகாய்ச்சல் நோயாளியின் குருதியைத் தம் உடலில் ஏற்றிக்கொண்டார். சாவதாயினும் அச்சாவு அறிவியலுக்குப் பயன்படட்டும் என்பது அவர் கருத்து. கடும் நோயில் வீழ்ந்தும் இம்முறையும் பிழைத்தார். எழுந்தபோது வாழும் விருப்பம் அவரிடம் புதிதாகத் தளிர்த்திருந்தது.

மெசினாவில் ஒரு மாலை

1882-இல் பேராசிரியர் பதவியைத் துறந்து, ஓல்காவின் இளைய உடன்பிறப்புகளையும் அழைத்துக்கொண்டு சிசிலித் தீவின் மெசினா நகருக்குச் சென்றார். கடற்கரையை ஒட்டிய இல்லம், வரவேற்பறையே ஆய்வுக்கூடம். அவ்வாண்டு டிசம்பரில் ஒருநாள், வித்தை செய்யும் குரங்குகளைப் பார்க்கக் குடும்பத்தார் அனைவரும் சர்க்கசுக்குப் போயிருந்தனர். தனித்திருந்த மெச்னிகோவ் நுண்ணோக்கியில் நட்சத்திர மீனின் லார்வா எனப்படும் இளம்பருவ உயிரை நோக்கிக்கொண்டிருந்தார். கண்ணாடி போன்று ஒளி ஊடுருவும் அவ்வுயிரின் உள்ளே சில உயிரணுக்கள் தாமாகவே நகர்ந்து திரிந்தன. இவ்வுயிரணுக்கள் இரை தின்பதற்காக மட்டும் திரிகின்றனவா, புகும் பகையைத் தடுக்கவும் உதவுகின்றனவா என்ற எண்ணம் மின்னலென அவருக்குத் தோன்றியது.

அவ்வெண்ணம் மெய்யாயின் அதைச் சோதிக்கும் வழி எளிது. அவ்வுயிரின் உடலில் ஒரு முள்ளைச் செருகினால், திரியும் உயிரணுக்கள் அதனைச் சூழ வேண்டும். தோட்டத்து ரோஜாச் செடியிலிருந்து நுண்ணிய முட்களை எடுத்து லார்வாக்களின் தோலுக்கடியில் செருகினார். அன்றிரவு அவர் உறங்கவில்லை. விடியலில் நுண்ணோக்கியை நோக்கியபோது, முள்ளைச் சுற்றி உயிரணுக்கள் படைபோல் திரண்டு நின்றன.

இதன் சிறப்பு யாதெனில், அந்த லார்வாவுக்குக் குருதி நாளங்கள் கிடையா. காயம்பட்ட இடம் சிவந்து, வெம்மையுற்று, வீங்கி, வலிப்பதைப் பண்டை உரோமானிய எழுத்தாளர் செல்சசு காலந்தொட்டே மருத்துவர் அறிந்திருந்தனர். அழற்சி எனப்படும் அந்நிலையைக் குருதி நாளங்களின் கோளாறாகவே அவர்கள் பெரிதும் கருதினர். சீழில் காணும் வெள்ளணுக்கள் கிருமிகளை உடலெங்கும் சுமந்து பரப்புவன என்றும் பலர் எண்ணினர். நாளமே இல்லாத உயிரிலும் இவ்வணுக்கள் திரள்வதைக் கண்ட மெச்னிகோவ், நாளங்கள் தோன்றுமுன்பே உயிரினத்தில் தோன்றிவிட்ட தற்காப்பு முறை இது எனத் தெளிந்தார். நோயின் கூறாகக் கருதப்பட்ட அழற்சி, நோயை எதிர்க்கும் போராக அவர் கண்ணுக்குப் புலனாயிற்று.

சொல்லும் சான்றும்

இவ்வணுக்களுக்குப் பெயரிட வேண்டியிருந்தது. வியன்னாவில் பேராசிரியர் கிளாசு, உண்ணுதலையும் உயிரணுவையும் குறிக்கும் கிரேக்கச் சொற்களை இணைத்து ஃபேகோசைட் என்னும் பெயரைச் சொல்லித் தந்தார். தமிழில் இதனை விழுங்கணு எனலாம்.

1884-இல் மற்றொரு சான்று வெளிவந்தது. குளத்து நீரில் வாழும் டாஃப்னியா என்னும் கண்ணாடி உடல் கொண்ட சிற்றுயிரை ஒரு வகைப் பூஞ்சை தாக்குகிறது. அதன் ஊசி போன்ற வித்துகள் குடலைத் துளைத்து உட்புகுகின்றன. வெள்ளணுக்கள் அவ்வித்துகளைச் சூழ்ந்து அழித்தால் அவ்வுயிர் பிழைக்கிறது; வித்துகள் முளைத்துப் பெருகினால் இறக்கிறது. நோயும் நலமும் இவ்விரு படைகளின் போர் முடிவே என்பதை நுண்ணோக்கியின் கீழ் அனைவரும் காணலாயிற்று. மனிதக் குருதியிலும் இத்தகைய விழுங்கணுக்களைச் சிறியன, பெரியன என அவர் வகைப்படுத்தினார். பெரியனவற்றுக்கு அவர் இட்ட மேக்ரோஃபேஜ் என்னும் பெயர் இன்றும் வழங்குகிறது.

கருத்துப் போர்

1886-இல் ஒடெசாவில் தொடங்கிய கிருமியியல் நிலையத்திற்கு அவர் தலைமையேற்றார். மருத்துவர் அல்லாதார் தலைமையை உள்ளூர் மருத்துவர்கள் ஏற்கவில்லை. ஆடுகளுக்கு இட்ட அடைப்பான் தடுப்பூசியில் நேர்ந்த விபத்தும் இடர் தந்தது. 1888-இல் பாரிசு சென்றார். முதுமையுற்ற பாஸ்டர் அவரை அன்புடன் வரவேற்றுத் தம் நிறுவனத்தில் ஆய்வுக்கூடம் அளித்தார். இறுதிவரை அதுவே அவருக்குத் தாயகமாயிற்று.

ஆனால் செருமானிய அறிஞர்கள் அவரை எதிர்த்தனர். 1890-இல் பேரிங், கிட்டசாட்டோ இருவரும், தொண்டை அடைப்பான், இசிவு நோய் ஆகியவற்றின் நஞ்சை முறிக்கும் பொருள் குருதி நீரில் உண்டு எனக் கண்டனர். 1894-இல் ஃபைஃபர், விழுங்கணுக்களின் துணையின்றியே காலராக் கிருமிகள் உடல் நீரில் கரைந்தழிவதைக் காட்டினார். காப்பது அணுவா, நீரா? இருபதாண்டுகள் இவ்வழக்கு நீடித்தது. மாநாடுகளில் மெச்னிகோவ் தலைமயிர் கலைய, உணர்ச்சி பொங்க வாதிட்டார். தம் கருத்துக்கு மாறான சான்று தம் ஆய்வுக்கூடத்திலேயே எழுந்தபோதும் அதனை அவர் மறைக்கவில்லை. அவருடைய மாணவரான போர்டே அங்கிருந்துதான், குருதி நீரிலுள்ள துணைப்பொருள் கிருமியைச் சிதைக்கும் திறத்தை விளக்கினார். பின்னாளில் நோபல் பரிசும் பெற்றார். ஆசிரியரின் கொள்கைக்கு எதிரான உண்மையை மாணவர் ஆசிரியரின் கூடத்திலிருந்தே உலகுக்குச் சொல்ல முடிந்தது என்பது இருவர்க்கும் பெருமை.

1903-இல் இலண்டனில் ரைட், டக்ளசு இருவரும் ஒரு பாலம் அமைத்தனர். குருதி நீரிலுள்ள சில பொருள்கள் கிருமிகளின் மேல் படிந்து, விழுங்கணுக்கள் அவற்றை எளிதில் உண்ணுமாறு பக்குவப்படுத்துகின்றன என நிறுவினர். சமைப்பது நீர், உண்பது அணு. வழக்காடிய இரு தரப்பும் உண்மையின் இரு பாதிகளையே பற்றியிருந்தன. 1908-இல் நோபல் பரிசு, அணுவின் பக்கம் நின்ற மெச்னிகோவுக்கும் நீரின் பக்கம் நின்ற பால் எர்லிக்குக்கும் பகிர்ந்தளிக்கப்பட்டது பொருத்தமே.

இறுதிக் காலம்

பின்னாளில் முதுமையைப் பற்றி ஆராய்ந்தார். பெருங்குடலில் வாழும் கிருமிகளின் நஞ்சே முதுமையை விரைவுபடுத்துகிறது எனக் கருதி, புளித்த பாலை நாள்தோறும் உண்ணுமாறு பரிந்துரைத்தார். வாழ்நாள் நீட்சி பற்றிய அவர் எதிர்பார்ப்பு மெய்ப்பிக்கப்படவில்லை. எனினும் குடலில் வாழும் நுண்ணுயிர்களுக்கும் உடல்நலத்திற்கும் உள்ள தொடர்பை உலகோர் எண்ணத் தொடங்கியதில் அவர்க்குப் பங்குண்டு. 1909-இல் தால்சுதாயை அவருடைய ஊரில் சென்று கண்டார். 1914-இல் மூண்ட உலகப் போர் அவருடைய ஆய்வுக்கூடத்தை வெறுமையாக்கியது. 1916 ஜூலை 15-ஆம் நாள் பாரிசில் காலமானார். அவருடைய சாம்பல் பாஸ்டர் நிறுவன நூலகத்தில் வைக்கப்பட்டுள்ளது.

இன்றைய நிலை

அவர் மறைந்தபின் நெடுங்காலம் குருதி நீரின் எதிர்ப்பொருள்களே ஆய்வாளர் கருத்தை ஈர்த்தன. பின்னர் காற்று திரும்பியது. பழப்பூச்சியிலும் எலியிலும், கிருமிகளை அடையாளம் காணும் உணரிகள் உடலணுக்களில் பிறவியிலேயே உள்ளன என்று 1996, 1998 ஆண்டுகளில் வெளியான ஆய்வுகள் காட்டின. ஹாஃப்மன், பாய்ட்லர் ஆகியோர் இதற்காகவும், விழுங்கணுக்களின் உறவான கிளையணுக்களைக் கண்ட இசுடைன்மன் அதற்காகவும் 2011-இல் நோபல் பரிசு பெற்றனர். பிறவிக் காப்பு முதலில் பொருது நிற்க, பகைவனை நினைவில் வைத்துத் தாக்கும் பயின்ற காப்பு சில நாள்களில் வந்து சேர்கிறது என்பது இன்றைய தெளிவு. கிருமியை விழுங்கியும் கொல்ல இயலாத விழுங்கணுக்களோடு பிறக்கும் குழந்தைகள் ஓயாத கொடுநோய்த் தொற்றுக்கு ஆளாவது, மெச்னிகோவ் கண்ட காவலரின் இன்றியமையாமைக்குச் சான்று.

மாணவச் செல்வங்களே! வாழ்வை வெறுத்து இருமுறை சாவை நாடிய ஒருவர், உயிர்கள் வாழ்வதற்காகத் தமக்குள்ளே நிகழ்த்தும் ஓயாப் போரைக் கண்டு உலகுக்குச் சொன்னார். நாம் சோர்ந்து கிடக்கும் வேளையிலும் நம் குருதியில் அக்காவலர் சோர்வதில்லை. அவர்கள் காத்துத் தரும் ஒவ்வொரு நாளையும் கல்விக்கும் பிறர் நலத்திற்கும் உரியதாக்குதல் நம் கடன்.