வெறுங்காலுடன் கிளாஸ்கோ சென்ற முகம்மது சலீம்

நம் திருப்பாதிரிப்புலியூருக்குக் கிழக்கே, தேவனாம்பட்டினத்தில், புனித டேவிட் கோட்டையின் சிதைவுகளை அறியாத கடலூர்வாசி இரார். 1756-ஆம் வருஷம் கிளைவ் அக்கோட்டைக்கு அதிபதியாக இருந்தபோதுதான், கல்கத்தா நவாபின் வசமாயிற்றென்ற செய்தி தென்னாட்டுக்கு எட்டியது. அவன் சென்னைக்கு அழைக்கப்பட்டான். அங்கிருந்து படையுடன் கப்பலேறி வங்காளம் புகுந்தான். மறு வருஷம் பிளாசி யுத்தம் நடந்தது. பின் நடந்ததெல்லாம் உலகறிந்த சரித்திரம். அப்பிளாசிக்கு 179 வருஷங்களுக்குப் பிறகு, அதே கல்கத்தாவிலிருந்து ஓர் இளைஞர் பிரிட்டனுக்குக் கப்பலேறினார். அவர் கையில் ஆயுதமில்லை. காலில் பூட்ஸும் இல்லை. ஆயினும் ஸ்காட்லாந்தின் ஜனங்கள் அவருடைய பாதங்களைக் கண்டு வியந்து நின்றனர். அவரே முகம்மது சலீம்.

சலீம் 1904-ஆம் வருஷம் கல்கத்தாவைச் சார்ந்த மெட்டியாபுரூஸில் எளிய குடும்பமொன்றில் பிறந்தார். அவருக்கு ஏழு வயதாயிருக்கையில், 1911-ஆம் வருஷம் ஜூலை 29-ஆந் தேதி, மோகன் பகான் சங்கத்தார் கிழக்கு யார்க்ஷயர் பட்டாளத்தாரை 2-1 என்ற கணக்கில் வென்று கேடயத்தைக் கைப்பற்றினர். வென்ற பதினொருவரில் பதின்மர் வெறுங்காலுடன் ஆடியவர்கள். வெள்ளையரின் விளையாட்டில், அவர்களுடைய பட்டாளத்தையே வெல்லக்கூடும் என்பதை வங்காளத்துச் சிறுவர் ஒவ்வொருவரும் அன்று கண்டுகொண்டனர். சலீம் அந்த எழுச்சியினிடையே வளர்ந்த பிள்ளை.

வெறுங்காலுடன் ஆடுவது அக்காலத்தில் நம்மவர்க்கு வழக்கம். பூட்ஸ் வாங்கப் பணமில்லாமை ஒரு காரணம். காய்ந்த தரையில் விரல்களால் பந்தைத் தொட்டு உணர்ந்து ஆடும் சௌகரியம் மற்றொரு காரணம். ஆனால் மழை பெய்து தரை சேறானபின், ஆணி பதித்த பூட்ஸ் அணிந்தோர் ஊன்றி நிற்பர். வெறுங்காலர் வழுக்கி விழுவர். கல்கத்தாவின் பந்தயங்களோ பெரும்பாலும் மழைக்காலத்தில் நடப்பவை. இதனால் நம் சங்கங்கள் இழந்த வெற்றிகள் அநேகம்.

சலீம் சில சங்கங்களில் ஆடியபின் முகம்மதன் ஸ்போர்ட்டிங் சங்கத்தில் நிலைபெற்றார். 1891-ல் ஸ்தாபிதமான அச்சங்கம் 1934-ல்தான் கல்கத்தா லீகின் முதல் வகுப்பில் இடம்பெற்றது. அவ்வருஷமே அப்பந்தயத்தை வென்றது. அதற்குமுன் எந்த இந்தியச் சங்கமும் அந்த லீகை வென்றதில்லை. 1938 வரை ஐந்து வருஷமும் வெற்றி அவர்களிடமே தங்கியது. முன்வரிசையில் வலது ஓரத்தில் ஆடுவது சலீமின் பணி. ஓரமாகப் பந்தைக் கொண்டோடி, எதிரியை ஏய்த்து, இலக்கின்முன் நிற்கும் தோழருக்கு அனுப்பிவைப்பதில் அவருக்கு நிகரானோர் சிலரே.

1936-ல் சீன ஒலிம்பிக் அணியினர் பெர்லின் செல்லும் வழியில் கல்கத்தாவில் தங்கி ஆடினர். அவர்களை எதிர்த்து ஓர் ஆட்டம் ஆடிய பின், பிரிட்டனில் வசித்த தம் உறவினரின் தூண்டுதலால் சலீம் கப்பலேறினார். கெய்ரோ வழியாக பிரிட்டன் சேர்ந்து, முடிவில் கிளாஸ்கோ நகரத்துச் செல்டிக் சங்கத்தின் வாயிலை அடைந்தார். செல்டிக் அவ்வருஷந்தான் ஸ்காட்லாந்து லீகை வென்றிருந்தது. 1897 முதல் அதை நிர்வகித்துவந்த வில்லி மேலி என்பவர், வெறுங்காலுடன் ஆட வந்த இவ்வந்நியரைப் புறக்கணித்து அனுப்பாமல் பரீட்சித்துப் பார்த்தார்; திருப்தியடைந்து அணியிலும் சேர்த்தார். சங்கத்தின் ஜிம்மி மக்மெனமி, சலீமின் பாதங்களுக்குக் கீழே அமர்ந்து கட்டுத்துணி சுற்றும் புகைப்படம் இன்றும் இருக்கிறது. ஆளும் இனத்தார் ஒருவர் ஆளப்படும் இனத்தாரின் பாதத்தைத் தம் கையில் ஏந்திய காட்சி அது. அதை நம் இளைஞர் காணவேண்டும்.

ஹாமில்டன் அணியை 5-1 என்றும், கால்ஸ்டன் அணியை 7-1 என்றும் செல்டிக் வென்ற இரு ஆட்டங்களில் சலீம் ஆடினார். பத்திரிகைகள் அவருடைய கால்விரல்களின் வித்தையை வியந்து எழுதின. ஐரோப்பியச் சங்கமொன்றுக்காக ஆடிய முதல் இந்தியர் இவரே என்று கூறுவர். ஆயின் உண்மையை அளவோடு கூறுதல் நம் கடமை. அவை இரண்டும் இரண்டாம் அணியின் ஆட்டங்கள். லீகின் முதன்மைப் பந்தயத்தில் அவர் ஆடினாரில்லை. பிற்காலத்தில் அவரைச் செல்டிக்கின் பெருவீரரென வர்ணித்தோர் உண்டு. அம்மிகை அவருக்கு வேண்டுவதில்லை, நிகழ்ந்தவையே போதுமானவை.

சில மாதங்களில் சலீமை ஊர் நினைவு பற்றிக்கொண்டது. செல்டிக்கார் இருக்கும்படி வேண்டினர், அவர் இசைந்திலர். அவர் பொருட்டு ஓர் ஆட்டம் நடத்தி வசூலில் ஒரு பங்கை அளிக்க அவர்கள் முன்வந்ததாகவும், அப்பங்கை அநாதைக் குழந்தைகளுக்கே அவர் வழங்கிவிட்டதாகவும் அவர் குடும்பத்தார் கூறிவந்தனர். செல்டிக் சங்கமே 1887-ல், கிளாஸ்கோவின் ஏழைக் குழந்தைகளுக்கு உணவளிக்கப் பொருள் திரட்டும் நோக்கத்துடன் ஒரு துறவியால் தொடங்கப்பெற்றது என்பதை அறிவோர், அக்கொடையின் பொருத்தத்தையும் அறிவர்.

கல்கத்தா திரும்பிய சலீம் பழைய சங்கத்திலேயே ஆடி ஓய்ந்தார், 1980-ல் காலமானார். அவர் நோயுற்றிருந்த காலத்தில் அவருடைய புதல்வர் செல்டிக்குக்கு ஒரு கடிதம் வரைந்தார். தந்தையை அவர்கள் நினைவில் வைத்திருக்கிறார்களா என்றறிவதே தம் எண்ணம் என்று பின்னாளில் அவர் தெரிவித்தார். 100 பவுனுக்கு உண்டியலொன்று பதிலாக வந்தது. குடும்பத்தார் அதைப் பணமாக மாற்றாமல் பாதுகாத்து வைத்தனர். இரண்டே ஆட்டம் ஆடியவரை, நாற்பது வருஷத்திற்குமேல் கழிந்தும், கடல் கடந்த சங்கமொன்று மறக்கவில்லை.

சலீமின் சரிதத்திலிருந்து சிலர் வெறுங்காலே நம் பெருமை என்று முடிவுகட்டினர். அம்முடிவு தவறு. 1948-ல் லண்டன் ஒலிம்பிக்கில் நம் அணியினரில் பெரும்பாலோர் வெறுங்காலுடன் ஆடினர். சாரங்கபாணி ராமன் ஒரு கோல் அடித்தும், பிரான்ஸிடம் 2-1 என்று தோற்றோம். 1952-ல் ஹெல்சிங்கியின் குளிரில் யுகோஸ்லாவியா நம்மை 10-1 என்று வென்றது. அதன்பின்னரே பூட்ஸ் கட்டாயமாயிற்று. சலீமின் பெருமை அவர் கால்களின் திறமை. பூட்ஸ் இல்லாமை அன்று தேசத்தின் வறுமை. இரண்டையும் ஒன்றாகக் குழப்புவோர், நம் பிள்ளைகளுக்குத் தரவேண்டியவற்றைத் தராதிருப்பதற்குச் சாக்குத் தேடுகின்றனர்.

மஞ்சக்குப்பம் மைதானத்திலும் சிதம்பரத்துத் தெருக்களிலும் பந்து உதைக்கும் சிறுவர்களில் சலீம்கள் இல்லையென்று யார் கூறமுடியும்? அவர்களுக்குக் காலணியும் நல்ல தரையும் தேர்ந்த ஆசிரியரும் அமைத்துத் தருவது பொதுவாழ்வில் ஈடுபட்டோரின் கடமை. அதுபோன்றே, நம் ஊர்களில் ஆடி ஓய்ந்த முதியோரைத் தேடி, அவர்கள் ஆடிய வருஷத்தையும் சங்கத்தையும் கேட்டு எழுதி வைத்து, நோயுற்ற வேளையில் உதவுவதும் நம் கடமையே. நம் வீரரை நினைவுகூரும் பொறுப்பைக் கிளாஸ்கோ நகரத்தாரிடம் விட்டுவிடலாகாது.